மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

கையில் இருக்கிற பணத்துக்கு ஒரு ஹார்ட்டெயிலை இப்போதே எடுத்துவிடலாம், ஓட்ட ஓட்ட ஒவ்வொரு பாகமாக நல்லதாக மாற்றிக்கொள்ளலாம்: முதன்முறை மலைச் சைக்கிள் வாங்கப் போகிற பலரும் இந்தத் திட்டத்தோடுதான் கடைக்குள் நுழைகிறார்கள். கடைக்காரரும் அதையே சொல்லி விற்கிறார். திட்டத்தில் நியாயம் இருக்கிறது. ஒரே தடவையில் பெருந்தொகை போட வேண்டியதில்லை. தனக்கு எது தேவை என்பது ஓட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும். கழற்றி மாட்டும்போது சைக்கிளின் உள்வேலையும் கைக்குப் பழகும். இந்த மூன்றையும் ஒப்புக்கொண்டே இந்தத் திட்டத்தைச் சோதிக்க விரும்புகிறேன். ஏனென்றால் அது பலிக்குமா என்பதை வாங்கும் அன்றே ஃபிரேமில் உள்ள நான்கைந்து அளவுகள் தீர்மானித்துவிடுகின்றன. அந்த அளவுகளை விலைச்சீட்டில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

பின்பக்கம் ஷாக் இல்லாமல், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் ஃபோர்க் உள்ள சைக்கிள்தான் ஹார்ட்டெயில். தொடக்கநிலைக்கு அதுவே சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பின் ஷாக்கும் அதன் இணைப்பு பேரிங்குகளும் தின்கிற பணம் ஹார்ட்டெயிலில் நல்ல ஃபோர்க்குக்கும் நல்ல பிரேக்குக்கும் போகிறது. பராமரிப்பும் குறைவு. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் என்று மலிவு விலையில் வரும் வண்டிகளின் பின்பக்கம் இருப்பது வெறும் சுருள். அமுங்கும், எகிறும், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை விழுங்கும். அவற்றை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. தடித்த டயர் போட்டு 'எம்டிபி' என்று விற்கப்படும் ஒற்றை கியர் வண்டிகளையும் சேர்க்கவில்லை. அவை தெருவுக்கான சைக்கிள்கள். தெருவில் ஒழுங்காகவே ஓடுகின்றன.

பாகம் மாற்றுவது இந்த விளையாட்டுக்கு வெளியிலிருந்து வந்த ஆசை இல்லை. விளையாட்டே அதில்தான் பிறந்தது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் டமால்பைஸ் மலைப் பக்கத்து மண் சரிவுகளில் இறங்கிய இளைஞர்கள், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஷ்வின் எக்செல்சியர் போன்ற பலூன் டயர் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்தார்கள். அந்த வண்டிகளில் இருந்தது பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக். 1976 அக்டோபரில் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர் வந்ததே, ஒரு தடவை மலை இறங்கியதும் ஹப்புக்குள் கிரீஸ் தீய்ந்து புகையாகிவிட, மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான். கோஸ்டரை எடுத்துவிட்டு டிரம் பிரேக் போட்டார்கள். மோட்டார் சைக்கிள் பிரேக் லீவர் போட்டார்கள். மேடு ஏற டீரெய்லர் கியர் மாட்டினார்கள். ஒவ்வொரு மாற்றமும் உண்மையான முன்னேற்றம். ஆனால் எடை கூடியது, பழைய ஃபிரேம்கள் அடி தாங்காமல் விட்டுக்கொடுத்தன. 1977இல் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ், குரோம் மாலிப்டினம் எஃகுக் குழாயில், இந்த வேலைக்கென்றே ஒரு புது ஃபிரேம் கட்டினார். மலைச் சைக்கிளின் வரலாறு அந்த ஃபிரேமிலிருந்துதான் வேகம் எடுத்தது. அடுத்த நான்கே ஆண்டுகளில், 1981இல், ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் தொழிற்சாலை உற்பத்தியாகக் கடைக்கு வந்துவிட்டது. பாகம் மாற்றுவதில் உலகிலேயே தேர்ந்த கூட்டம் கடைசியில் வந்து நின்ற இடம் ஃபிரேம். இன்றைக்குத் தொடக்கநிலை வண்டி தேடுகிறவர் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

ஃபிரேமில் முதலாவது, உடம்புக்குப் பொருந்தும் அளவு. இரண்டாவது, அதன் கோணங்கள். ஸ்டெம் மாற்றியும் ஹேண்டில்பார் மாற்றியும் சிறிது சரிக்கட்டலாமே தவிர, ஒரு அளவு பெரிய ஃபிரேமை எந்தப் பாகமும் சிறிதாக்காது. கடையில் இருப்பு இருக்கிற அளவைத் தலையில் கட்டுவது வழக்கமாக நடப்பதுதான். அந்தச் சைக்கிளை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. கோணத்தில் முக்கியமானது முன் ஃபோர்க் தரையோடு சாயும் கோணம், அதாவது தலைக் கோணம். பழைய குறுக்குநாட்டு ஓட்ட வண்டிகளில் இது 70, 71 பாகை என்று நிமிர்ந்து நிற்கும். ஏறுவதற்குச் சுறுசுறுப்பாக இருக்கும். செங்குத்தான இறக்கத்தில் ஓட்டுகிறவரின் எடை முன்சக்கரத்துக்கு மேலே சரிந்து, கவிழ்த்துவிடுமோ என்ற பயம் வரும். இன்றைய பாதை வண்டிகளில் 66, 67 பாகைக்குச் சாய்த்திருக்கிறார்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்குத்தான் இந்தச் சாய்வு அதிகம் உதவுகிறது. தேர்ந்தவர் எதிலும் இறங்கிவிடுவார். பெரிய ஃபோர்க் போட்டுக் கோணத்தைச் சாய்த்துக்கொள்ளலாம் என்பார்கள். 20 மில்லிமீட்டர் கூடுதல் நீளத்துக்கு ஏறக்குறைய 1 பாகை கிடைக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் ஃபிரேம் தாங்க வடிவமைக்கப்பட்ட விசையைத் தாண்டிவிடும், உத்தரவாதமும் போய்விடும்.

இனி அப்கிரேட் திட்டத்தின் உயிர்நாடியான பின் அச்சு. பழைய முறையில் பின் ஹப் 135 மில்லிமீட்டர் அகலம். திறந்த கவட்டியில் உட்காரும், உள்ளே ஒரு மெல்லிய கம்பி ஓடும், நெம்பை மடக்கினால் இறுகும். புதிய முறையில் 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள அச்சு ஃபிரேமின் ஒரு பக்கத் துளை வழியாக நுழைந்து, ஹப்பைக் கடந்து, மறுபக்கம் மரையில் ஏறும். இதன் அகலம் முதலில் 142 என்று வந்தது. 135க்கும் 142க்கும் உள்ள 7 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணை ஏமாற்றக்கூடியது. அச்சைச் சரியாக உட்கார வைக்க ஃபிரேமின் உட்பக்கம் இருபுறமும் மூன்றரை மில்லிமீட்டர் பள்ளம் வெட்டியதால் வந்தது அது. ஹப்பின் உடல் மாறவில்லை. அதனால்தான் பல நல்ல ஹப்புகளில் இரு முனை மூடிகளை மட்டும் மாற்றி 135க்கும் 142க்கும் மாறி மாறிப் பயன்படுத்த முடிகிறது. 2014இல் சைக்கிள் நிறுவனமான டிரெக்கும் பாக நிறுவனமான ஸ்ராமும் சேர்ந்து கொண்டுவந்த பூஸ்ட் 148 அப்படியில்லை. அதில் ஸ்போக் பிடிக்கும் விளிம்புகளே இருபுறமும் 3 மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் போயின. சக்கரத்தின் பக்கவாட்டு உறுதி கூடியது, செயின் ஓடும் கோடும் வெளியே நகர்ந்தது. 148 ஹப்பை 135 ஃபிரேமில் எந்த மூடியைப் போட்டும் திணிக்க முடியாது.

ஹார்ட்டெயிலின் பின்பக்கம் ஏற்கனவே விறைப்பானது. தடித்த அச்சு தரும் உறுதியைத் தொடக்கத்தில் ஓட்டுகிறவர் உணரமாட்டார். அந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனாலும் அச்சைப் பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் உலகச் சந்தை பூஸ்டுக்குப் போய்விட்டது. நல்ல சக்கரங்களும், நல்ல ஹப்புகளும், யாரோ விற்கிற தரமான பழைய சக்கர ஜோடிகளும் பெரும்பாலும் அந்த அளவில்தான் கிடைக்கின்றன. 135இல் கிடைப்பது வருடா வருடம் சுருங்குகிறது. இடையில் 141 என்று ஒன்று உண்டு: பூஸ்டின் அகலம், பழைய நெம்பின் பிடிப்பு. அதே 7 மில்லிமீட்டர் கணக்குதான். முனை மூடி மாற்றக்கூடிய பூஸ்ட் ஹப் அதில் ஏறும், மற்றவை ஏறா. பாதிக் கதவு திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

12 மில்லிமீட்டர் அச்சுக்கு இன்னொரு பலன், நம் ஊர்க்காரர்களுக்கு மிகவும் வேண்டியது. சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது, டீரெய்லரைத் தாங்கும் சிறு அலுமினியத் துண்டான ஹேங்கர். ஃபிரேமைக் காப்பாற்றவே அது வளையும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் பிராண்டுக்கு ஒன்று, மாடலுக்கு ஒன்று என்று நூற்றுக்கணக்கான வடிவங்கள். சரியான துண்டுக்காக வண்டி மாதக்கணக்கில் மூலையில் நிற்கும். 2019இல் ஸ்ராம் எல்லா ஃபிரேம்களுக்கும் பொதுவான ஒரே ஹேங்கர் வடிவத்தைக் கொண்டுவந்தது. யூடிஹெச் என்ற மூன்றெழுத்தில் அதைச் சொல்கிறார்கள். பல சைக்கிள் நிறுவனங்களின் ஃபிரேம்களிலும் அது பரவிவிட்டது. தடித்த அச்சுள்ள ஃபிரேமில்தான் அது பொருந்தும். பெருநகரத்துக்கு வெளியே இருப்பவருக்கு, பத்து கியரா பன்னிரண்டு கியரா என்ற கேள்வியைவிட இந்தத் துண்டு கிடைக்குமா என்ற கேள்வி பெரியது.

அடுத்து முன்பக்கம். எல்லாரும் முதலில் மாற்ற ஆசைப்படுவது ஃபோர்க்கைத்தான், காரணமும் சரியானது. தொடக்கநிலை வண்டிகளில் வரும் சன்டூர் எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் வகை ஃபோர்க்குகளில் எஃகுச் சுருள் இருக்கிறது. எடை இரண்டரை கிலோவைத் தொடும், தாண்டவும் செய்யும். அதைவிடப் பெரிய குறை, சுருளின் விறைப்பை ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்ப மாற்ற முடியாதது. மேலே இருக்கும் திருகைத் திருகினால் சுருளின் தொடக்க அழுத்தம் மாறுமே தவிர விறைப்பு மாறாது. 55 கிலோ எடையுள்ளவர் ஏறினால் அது அசையாமல் நிற்கும், 95 கிலோ உள்ளவர் ஏறினால் தரைதட்டும். காற்று ஃபோர்க்கில் ஒரு சிறிய பம்பால் அவரவர் எடைக்குக் காற்று அடைத்துக்கொள்ளலாம். 100 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள ஃபோர்க்கில், ஏறி உட்கார்ந்ததும் 20 மில்லிமீட்டர் அளவில் அமுங்கினால் அது நமக்குப் பொருந்திவிட்டது என்று அர்த்தம். மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்த ஒரு மாற்றம் வேறு சைக்கிளில் ஏறியது போலிருக்கும். ஃபோர்க் விஷயத்தில் ஆசைப்படுகிறவர்கள் சொல்வது முழுக்க உண்மை.

சிக்கல் அதை எங்கே பொருத்துவது என்பதில். ஃபோர்க்கின் கழுத்துக் குழாய் முன்பு மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டத்தில், ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, நேராக இருந்தது. இப்போது தரமான ஃபோர்க்குகளில் அது கீழே ஒன்றரை அங்குலத்துக்கு விரியும். அந்தக் குழாய் நுழையும் தலைக்குழாய் விரிந்துள்ள ஃபிரேமில் பழைய நேர்க் குழாய் ஃபோர்க்கை ஒரு வளையம் போட்டு மாட்டிவிடலாம். எதிர்த்திசையில் நடக்காது, நேர்த் தலைக்குழாய்க்குள் விரிந்த ஃபோர்க் நுழையாது. ஒரே விலக்கு உண்டு: தலைக்குழாயின் உள்விட்டம் மேலும் கீழும் 44 மில்லிமீட்டராக இருந்தால், கீழே வெளியில் துருத்தும் கிண்ணம் ஒன்றைப் பொருத்தி விரிந்த ஃபோர்க்கை ஏற்றலாம். முன்பக்கம் அந்தக் கிண்ணத்தின் உயரத்துக்குத் தூக்கும். நேர்க் குழாயில் வருகிற காற்று ஃபோர்க்குகள் சில இன்னும் இருக்கின்றன. நல்லவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே.

இத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. பழைய முன்சக்கரம் 100 மில்லிமீட்டர் அகலம், நெம்புப் பிடிப்பு. புதிய ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை 110 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் தடித்த அச்சு. ஆகவே ஃபோர்க் வாங்கினால் முன்சக்கரமும் வாங்க வேண்டும். சக்கரம் மாறினால் சில சமயம் பிரேக் வட்டும் மாறும், ஏனென்றால் ஆறு திருகு வட்டு ஒரு ஹப்புக்கு, நடுப்பூட்டு வட்டு இன்னொரு ஹப்புக்கு. ஒரு பாகம் என்று போனவர் மூன்று பாகத்தோடு திரும்புகிறார். தனியாகக் கடையில் வாங்கும் நல்ல காற்று ஃபோர்க் ஒன்றின் விலையே தொடக்கநிலை சைக்கிளின் விலையில் பாதியை எட்டிவிடும். சக்கரத்தையும் சேர்த்தால் அந்தப் பணத்துக்கு, முதலிலேயே காற்று ஃபோர்க்கோடு வரும் அடுத்த படி வண்டியை வாங்கியிருக்கலாம்.

இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. சைக்கிள் நிறுவனம் ஃபோர்க்குகளை ஆயிரக்கணக்கில் கொள்முதல் செய்கிறது. நாம் ஒன்றே ஒன்று, பெட்டியோடு, இறக்குமதி வரியோடு, இரண்டு கைமாறிய இலாபத்தோடு வாங்குகிறோம். கழற்றிய பழைய பாகத்துக்கோ மதிப்பே இல்லை. பாகம் பாகமாக உயர்த்தப்பட்ட தொடக்கநிலை சைக்கிள், ஒரே நேரத்தில் வாங்கிய இடைநிலை சைக்கிளைவிட அநேகமாக எப்போதும் அதிகச் செலவு வைக்கும். அப்கிரேட் திட்டத்தைச் சிக்கனம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் எதையும் மாற்றவே கூடாதா? தேய்கிறவை இருக்கின்றனவே! செயின், கேசட், பிரேக் பேட், டயர் எல்லாம் எப்படியும் காசு கேட்கும். தேய்ந்ததை மாற்றும் நாளில் ஒரு படி மேலானதைப் போட்டால், கூடுதல் செலவு அந்த ஒரு படிக்கு மட்டும்தான். அப்கிரேட் நியாயமாவது இந்த வழியில். அதற்கும் ஃபிரேமும் ஹப்பும் இடம் கொடுக்க வேண்டும்.

ஹப்பில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. மிக மலிவான வண்டிகளில், ஏழு பற்சக்கரம் வரை உள்ளவற்றில், பின் பற்சக்கரத் தொகுதி ஹப்பின் மேல் மரையில் திருகி ஏற்றப்படும் ஃப்ரீவீலாக இருக்கும். அதில் வலப்பக்க பேரிங் ஹப்பின் நடுவை நோக்கி உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். அச்சின் ஒரு நீளம் தாங்கலில்லாமல் நிற்கும். மேடு பள்ளத்தில் குதித்து இறங்கினால் அச்சு வளையும், உடையவும் செய்யும். கேசட் ஏறும் ஹப்பில் பேரிங் ஓரம் வரை போகிறது. ஷிமானோவின் ஹெச்ஜி என்ற பழைய வரிப்பள்ள உருளையே 8, 9, 10 கேசட்டையும் மலைச் சைக்கிளுக்கான 11 கேசட்டையும் தாங்கும். மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட்டின் 9 வேகத் தொகுதி, ஷிமானோ 2023இல் கொண்டுவந்த க்யூஸ், ஸ்ராமின் எஸ்எக்ஸ் ஈகிள் 12 வேகத் தொகுதிகூட அதே உருளையில் ஏறும். ஷிமானோ டியோர் 12 வேகம்தான் 2018இல் வந்த மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு உருளையைக் கேட்கிறது. க்யூஸ் போட விரும்புகிறவர் ஷிஃப்டர், டீரெய்லர், கேசட் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய ஷிமானோவோடு ஒன்றிரண்டைக் கலந்தால் கியர் சரியாக விழாது. ஆக, ஃப்ரீவீல் ஹப் என்றால் விலகிவிட வேண்டும். கேசட் ஹப் என்றால் எட்டு கியர் வண்டியாக இருந்தாலும் தயக்கம் வேண்டாம். கியர் எண்ணிக்கைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது தொடக்கநிலையில் நடக்கும் மிகப் பெரிய வீண்செலவு.

கிராங்க் அச்சு உட்காரும் பெட்டியின் மரையைப் பற்றி ஒரு வார்த்தை. பிர்மிங்ஹம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற ஆங்கிலேயத் துப்பாக்கிக் கம்பெனியின் பெயரால் பிஎஸ்ஏ மரை என்று அழைக்கப்படும் அளவு அது, 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 புரி. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் வழியாக நம் தெருக்களுக்கு வந்த அதே பிஎஸ்ஏதான். நடுவில் மரையே இல்லாமல் அடித்து இறக்கும் முறைகள் பல வந்தன; கிறீச்சிடும் சத்தத்தால் ஓட்டுகிறவர்களை வதைத்தன. இன்று பல நிறுவனங்கள் மரைக்கே திரும்பிவிட்டன. தொடக்கநிலை அலுமினிய ஃபிரேம்களில் பெரும்பாலும் இந்த மரைதான் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மலிவு ஃபிரேம் விலையுயர்ந்த சில ஃபிரேம்களை வென்றுவிடுகிறது.

பிரேக்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக்கோடு வண்டி வந்தாலும், ஷிமானோ எம்டி200 போன்ற எளிய ஹைட்ராலிக் ஜோடியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் காலிப்பர் பொருத்தும் காதுகளும், ஹப்பில் வட்டு பொருத்தும் இடமும் இருந்தால் போதும். செலவோடு ஒப்பிட்டால் மிக அதிகமாகத் திருப்பித் தரும் மாற்றங்களில் இது ஒன்று. 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறிக்கப்பட்ட மலிவு வட்டில் உலோகப் பேட் போட்டுவிடக்கூடாது, வட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

டயர் அதைவிட முன்னால் வருகிறது. நம் நிலத்தில் ஓட்டுகிறவருக்கு எதிரி பாறையைவிட முள். சீமைக்கருவேல முள் ஏரிக்கரையிலும் கண்மாய் மேட்டிலும் கிராமத்து மண் பாதையிலும் எங்கும் கிடக்கிறது. டியூப் போட்ட டயரில் ஒரே சவாரியில் இரண்டு மூன்று பஞ்சர் சாதாரணம். டியூபை எடுத்துவிட்டு உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றினால், முள் குத்திய இடத்தைத் திரவம் தானே அடைத்துக்கொள்கிறது. காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம். மண்ணில் பிடி கூடும், பின்பக்கத்து அதிர்ச்சியும் குறையும். பின் ஷாக் இல்லாத வண்டிக்கு மலிவான சஸ்பென்ஷன் இதுதான். நம் வெயிலில் திரவம் சீக்கிரம் காய்கிறது, சில மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். ரிம் டியூப் இல்லா டயருக்கு ஏற்றதா என்பதையும், ஃபிரேமின் பின்கவட்டில் 2.4 அங்குல டயருக்கு இடம் இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வி மறுபடியும் ஃபிரேமைப் பற்றியது.

இந்த அளவுகோல்களை உண்மையான வண்டிகள் மேல் வைத்துப் பார்க்கலாம். டிரெக்கின் மார்லின், இந்த வகையில் எல்லோரும் முதலில் கேள்விப்படும் பெயர். அதன் மூன்றாம் தலைமுறை ஃபிரேமில் தலைக் கோணத்தை 66.5 பாகைக்குச் சாய்த்தார்கள். இருக்கையை ஓடும்போதே இறக்கும் டிராப்பர் போஸ்ட்டின் கேபிளுக்கு ஃபிரேமுக்குள்ளேயே வழி விட்டார்கள். இரண்டும் பாராட்டுக்குரிய முடிவுகள். டிராப்பர், இறக்கத்தில் உடம்பைத் தாழ்த்திக்கொள்ள உதவுவது. கற்றுக்கொள்கிறவருக்குப் பயத்தைப் போக்கும் பாகம் அதைப்போல் வேறில்லை. ஆனால் பின் அச்சு 135 மில்லிமீட்டரிலேயே, மெல்லிய கம்பியோடு நிற்கிறது. இன்றைய கோணமும் நேற்றைய அச்சும் ஒரே ஃபிரேமில் இருக்கின்றன. வாங்கியபடியே ஓட்டி, தேய்ந்ததை மட்டும் மாற்றுகிறவருக்கு மார்லின் மிக நல்ல வண்டி. சக்கரத்தையும் ஃபோர்க்கையும் உயர்த்தப் போகிறேன் என்கிறவருக்கு அது தவறான வண்டி. அதே நிறுவனத்தின் ராஸ்கோ 8 இந்தக் கேள்விக்கான விடை: விரிந்த தலைக்குழாய், பூஸ்ட் 148, 12 மில்லிமீட்டர் அச்சு. விலை கூடுதல்தான். கூடுதலாகக் கொடுக்கும் பணம் பிற்காலத்து மாற்றங்கள் ஒவ்வொன்றையும் சாத்தியமாக்குகிறது.

மற்ற நிறுவனங்களிலும் இதே கோடு ஓடுகிறது. ஒரு பக்கம் பழைய அளவுகளில் கட்டிய ஃபிரேமில் கண்ணைக் கவரும் கியர் தொகுதி. மறுபக்கம் புதிய அளவுகளில் கட்டிய ஃபிரேமில் எளிய கியர், எளிய பிரேக். இரண்டும் ஒரே விலையில் நின்றால் இரண்டாவதை எடுக்க வேண்டும். ஃபிரேமும் ஃபோர்க்கும் முதல் நாளே சரியாக இருக்கட்டும். கியரும் பிரேக்கும் தேயும்போது உயரட்டும். கடையில் இதைச் சரிபார்க்க நிபுணர் வேண்டியதில்லை. தலைக்குழாயின் கீழ்ப்பகுதி மேலைவிடத் தடித்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தால் தெரியும். பின்சக்கரத்தைக் கழற்றச் சொன்னால் கவட்டி திறந்திருக்கிறதா, மூடிய துளையா என்று தெரியும். ஃபோர்க்கின் இடது கால் உச்சியில் மூடியைத் திருகினால் காற்று வால்வு இருக்கிறதா என்று தெரியும். இதைச் செய்து காட்டத் தயங்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

இந்தத் தீர்ப்பை அசைக்கும் வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் இந்த விளையாட்டில் நிலைப்பாரா என்பதே தெரியாதபோது எதற்காக அவர் எதிர்காலத்து அளவுகளுக்குப் பணம் கட்ட வேண்டும்? இதற்கு என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை. ஆனால் இதே வாதம் அப்கிரேட் திட்டத்தையும் சேர்த்துத்தான் வீழ்த்துகிறது. நிலைப்போமா என்று சந்தேகப்படுகிறவர் மார்லின் போன்ற ஒன்றை வாங்கி, உயர்த்தும் எண்ணமே இல்லாமல் ஓட்டட்டும். ஆர்வம் தங்கினால் விற்றுவிட்டு அடுத்ததை எடுக்கட்டும்.

அல்லது பழையதை வாங்கட்டும். ஐந்தாறு ஆண்டு ஓடிய இடைநிலை ஹார்ட்டெயில் ஒன்று, காற்று ஃபோர்க்கும் ஹைட்ராலிக் பிரேக்கும் தடித்த அச்சுமாக, புதுத் தொடக்கநிலை வண்டியின் விலைக்கே கிடைக்கலாம். எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். ஆபத்தும் உண்டு. தலைக்குழாயிலும் இருக்கைக் குழாயிலும் மற்றக் குழாய்கள் சேரும் பற்றவைப்புகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஃபோர்க் கால்களின் மேற்பூச்சு தேய்ந்திருந்தால் விலகிவிட வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஃபோர்க் கடகடக்கக்கூடாது. பெங்களூரு, சென்னை, கோவை போன்ற ஊர்களுக்கு வெளியே இத்தகைய வண்டி, அதுவும் நம் அளவில், அமைவது அரிது. காத்திருக்க முடிந்தவர் காத்திருக்கலாம்.

ஏற்கனவே நேர்த் தலைக்குழாயும் 135 அச்சும் உள்ள வண்டியை வாங்கிவிட்டவர்கள் இதைப் படித்துச் சோர்ந்துபோக வேண்டாம். நல்ல டயரும் ஹைட்ராலிக் பிரேக்கும் அந்த வண்டியை வேறொன்றாக்கிவிடும். கேசட் ஹப் இருந்தால் 9 வேகத் தொகுதி ஒன்றும் போடலாம். ஃபோர்க்கில் மட்டும் கைவைக்க வேண்டாம். அந்த ஆசை உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வந்துவிட்டால், அந்தப் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, வண்டியைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, முழுதாக விற்பனைக்கு வையுங்கள். கழற்றிய சுருள் ஃபோர்க்கை வாங்க ஆள் வராது. ஓடுகிற சைக்கிளை வாங்க, முதல் வண்டி தேடும் ஒருவர் வருவார்.